ஒன்பதும் வந்தாச்சு

ஞாயிற்றுக்கிழமை காலையில் பிளாஸ்டிக் கயாக்கில் உட்கார்ந்து துடுப்புப் போட இவ்வளவு மரியாதை எதற்கு என்று கேட்டால், திண்டிவனம் குழுவில் யாருக்கும் கோபம் வந்துவிடும். எதிரே படகு வந்தால் துடுப்பைத் தூக்கி வணக்கம் வைக்கணும். வலை விரித்திருக்கும் பக்கம் போகக்கூடாது. உப்பங்கழியின் நடுவில் விழுப்புரம் குழுவைப் பார்த்தால், படகு மாற்றிக்கொண்டு ஒரு சுற்று போய்வரணும். மாட்டேன் என்பது, விருந்துக்குப் போய் இலையில் கை வைக்காமல் எழுந்து வருவது மாதிரி.

அன்றைக்கு அமலாவுக்கு வந்தது விழுப்புரம் அஸ்வினியின் நீலப் படகு. ஒல்லியாய், நீளமாய், ஏறுவதற்கு முன்பே ஆடியது.

"எனக்கு என்னோட செவப்பே போதுங்க" என்றாள், கணவன் காதில் மட்டும் விழும்படி.

"சும்மா ஒரு ரவுண்டு போய்ட்டு வா, அமலா. அவங்க என்னா நெனச்சிக்குவாங்க?" என்றான் ஆரோக்கியராஜ். அவள் ஏறினாள்.

முதலில் கரைக்குத் திரும்பி, வருகிறவர்களை எண்ணுவது அவன் வேலை. எல்லாரும் வந்ததும் மூன்று நீள விசில் ஊதணும். அதைக் கேட்டுத்தான் காவலுக்கு வாடகைக்கு எடுத்த மோட்டார் படகு கிளம்பிப் போகும்.

ஒன்பது மணிக்கே கடல்காத்து பிய்த்துக்கொண்டு அடித்தது. எட்டுப் படகு கரை ஏறிவிட்டது. தூரத்தில் அமலாவின் சிவப்புப் படகு தெரிந்தது. ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட், தொப்பி. "அப்பாடா, ஒன்பதும் வந்தாச்சு" என்று விசிலை எடுத்து மூன்று முறை ஊதினான். மோட்டார் படகு தடதடவென்று கழிமுகம் பக்கம் போய் மறைந்தது.

சிவப்புப் படகு கரை தட்டியது. தொப்பியைக் கழற்றியது அஸ்வினி.

ஆரோக்கியராஜ் அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான், வேறு படகு இல்லை. மாற்றின படகைத் திரும்ப மாற்றிக்கொண்டுதான் கரைக்கு வருவார்கள் என்ற நினைப்பில், பாவி மனுஷன், முகத்தைப் பார்க்காமல் படகை எண்ணியிருக்கிறான்!

"அமலா எங்கம்மா?"

"அக்கா இன்னும் வரலியா? காத்துல என்னால அவங்ககிட்ட போவ முடியலண்ணா. எனக்கு முன்னாடி போய்க்கினு இருந்தாங்க, வந்து சேந்திருப்பாங்கன்னு நெனச்சேன்."

மோட்டார் படகுக்காரருக்குப் போன் போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. இன்ஜின் சத்தத்தில் எங்கே கேட்கும்! அக்கரையில் இருந்த விழுப்புரம் புகழேந்தியைக் கூப்பிட்டான். "இங்க யாரும் இல்லீங்களே, ராஜு. விசில் கேட்டுதே?" என்றார் அவர். அழைப்பை வெட்டிவிட்டுச் சிவப்புப் படகைத் தண்ணீரில் தள்ளினான்.

காற்று முதுகில் அறைந்து அவனை மேற்கே தள்ளியது. அவளையும் இந்தப் பக்கம்தானே தள்ளியிருக்கும்? மேற்கே பூராவும் கோரை, அதற்கடியில் இடுப்பளவு சேறு. லைஃப் ஜாக்கெட் போட்டிருக்கிறாள், மிதப்பாள். கவிழ்ந்து தலை கீழாய் மாட்டிக்கொண்டிருந்தால்? "மாதாவே, மாதாவே" என்று வாய் தானாகச் சொன்னது. துடுப்பு இரண்டு தரம் தண்ணீரைத் தொடாமலே போயிற்று. போக மாட்டேன்னு சொன்னவளை அனுப்பி வைத்தேனே, சனியன் பிடிச்ச மரியாதை!

கோரைக்குள் ஏதோ நீலமாகத் தெரிந்தது. கவிழ்ந்த படகின் அடிப்பக்கம். பக்கத்தில் யாரும் இல்லை.

"அமலா!"

சத்தம் இல்லை. மறுபடி கத்தினான். அப்போதுதான் படகுக்கு அந்தப் பக்கமிருந்து சின்னதாய் ஒரு விசில், மூச்சு தீர்ந்துபோன விசில், கேட்டது. படகைச் சுற்றி வந்தான். நெஞ்சளவு தண்ணீரில், கால் இரண்டும் சேற்றில் புதைந்து, படகின் கயிற்றைப் பிடித்தபடி நின்றிருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது.

அக்குளில் கை கொடுத்து இழுத்தான். மூன்றாம் தரம் சேறு விட்டது. சிவப்புப் படகின் மேல் அவளைக் குப்புறப் போட்டு, இவன் தண்ணீரில் இறங்கி அதைப் பிடித்துக்கொண்டு தொங்கினான். உயிரோடிருக்கிறாள். இவன்தான் குழந்தை மாதிரி விக்கி விக்கி அழுதான்.

அவள் வாயில் புகுந்த சேற்றுத் தண்ணீரைத் துப்பினாள்.

"நானும் விசில் ஊதிக்கினேதான் இருந்தேன். எதிர்க்காத்துல ஒங்களுக்குக் கேக்கல போல. ஆனா நீங்க ஊதுனது எனக்கு நல்லா கேட்டுச்சுங்க, மூணும்."

அவன் கவிழ்ந்த படகின் கயிற்றை எட்டிப் பிடித்தான்.

"அதுவரைக்கும் நான் பயப்படல. எண்ணிப் பாப்பீங்க, ஒன்னு கொறையும், வந்துடுவீங்கன்னு நின்னுக்கினு இருந்தேன். மூணாவது விசில் கேட்டதுக்கு அப்பறந்தாங்க பயம் வந்துச்சு."