ஓரக் குறிப்பு

புதுச் சான்றிதழ் வேண்டும் என்று கேட்டவள் அவளேதான். வேறு யார் தலையிலும் பழியைப் போட முடியாது.

பங்குக் கோயில் அலுவலகத்தில் அவளுக்குப் பத்தொன்பது வருட வேலை. ஞானஸ்நானம், கல்யாணம், சாவு என்று மூன்று பதிவேடுகள் அவள் பொறுப்பு. எல்லோரும் ரிஜிஸ்டர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இதற்குள் ஐந்து பங்குச் சாமியார்கள் மாறிப் போயிருந்தார்கள். அவளுடைய சட்டம் மாறவில்லை. கல்யாணத்துக்கு எழுதிக் கொடுப்பவர் ஆறு மாதத்துக்குள் எடுத்த ஞானஸ்நானச் சான்றிதழைக் கொண்டுவர வேண்டும். முத்திரை மங்கலாக இருந்தால்கூடத் திருப்பி அனுப்பிவிடுவாள்.

"மோட்ச வாசல்ல பேதுரு விட்டாலும் இந்தம்மா விடாது" என்பார் கோயிலில் மணியடித்து எடுபிடி வேலை பார்க்கும் கோயில்பிள்ளை.

இந்த முறை கல்யாணம் அவள் வீட்டில். பெண் அவள் தங்கை. முப்பத்தெட்டு வயது, பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு வேலை. மாப்பிள்ளைக்கு நாற்பத்தைந்து. இரண்டு தெரு தள்ளி ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவர். கண்ணாடி மாற்றப் போன தங்கை, அதற்குப் பிறகு பார்வை சரியில்லை, சரியில்லை என்று நாலு முறை போய் வந்தாள். அக்காவுக்கு அப்போதே விஷயம் புரிந்துவிட்டது.

அவர் கொண்டுவந்து கொடுத்தது பள்ளிக்கூட நாளில் எடுத்த சான்றிதழ். மடிப்பில் கிழிந்திருந்தது. கிறிஸ்துமஸ் நெருக்கடியில் ஃபாதர் இருமிக்கொண்டே சொன்னார்.

"உங்க வீட்டுக் கல்யாணம்தானம்மா. இது போதும்."

"எங்க வீட்டுக்குன்னு தனிச் சட்டமா ஃபாதர்?"

அன்றே மாப்பிள்ளையின் சொந்தப் பங்குக்கு, அவர் ஞானஸ்நானம் பெற்ற கோயிலுக்கு, கடிதம் எழுதினாள். கிறிஸ்துமஸ் போய், புது வருஷமும் போனது. பதில் வரவில்லை. வந்துவிடும் என்று ஃபாதர் முதல் ஓலையை வாசித்துவிட்டார். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் பெயர் சொல்லி அறிவிப்பதற்குத்தான் ஓலை என்று பெயர். மூன்று அரசர் திருநாளன்று முதல் ஓலை. தங்கை அன்று தலையை நிமிர்த்தவே இல்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகுதான் சிரித்தாள்.

செவ்வாய்க்கிழமை தபால் வந்தது.

கோயில் அடித்துப்போட்ட மாதிரி கிடந்த வாரம் அது. கிறிஸ்துமஸ் குடிலின் வைக்கோல் வாசல்வரை சிதறியிருந்தது. நட்சத்திரத்தில் பாதி பல்பு எரியவில்லை. நாடகத்தில் சம்மனசுகளாக வந்த பிள்ளைகளின் அட்டை இறக்கைகள் அலுவலக மூலையில் அடுக்கிக் கிடந்தன. பாடல் குழுவில் பாதிப் பேருக்குத் தொண்டை போயிருந்தது. மாலை நவநாள் ஜெபத்துக்குப் பதினெட்டுப் பேர் வந்தால் பெரிது.

"தாமதமா வந்த வாழ்த்து அட்டை நாலு, உங்களுக்கு ஒரு கவர்" என்று கோயில்பிள்ளை மேசையில் போட்டுவிட்டுப் போனார்.

பெயர் சரி. பிறந்த தேதி சரி. தாய் தகப்பன் பெயர் சரி. கடைசியில் ஓரக் குறிப்பு என்று ஒரு கட்டம். புதுச் சான்றிதழ் கேட்பதே அந்தக் கட்டத்துக்காகத்தான். ஒருவர் எங்கே போய் என்ன ஆனாலும், கல்யாணமோ குருப்பட்டமோ, அவர் ஞானஸ்நானம் பெற்ற கோயிலுக்குத் தகவல் போகும். அவர் பெயருக்கு நேராக ஓரத்தில் எழுதுவார்கள். கல்யாணமாகாதவர்களின் கட்டத்தில் பெரும்பாலும் ஒரு கோடு இழுத்திருக்கும்.

இதில் ஒரு வரி இருந்தது. துறவற சபையில் நித்திய வார்த்தைப்பாடு. பக்கத்தில் இருபத்தொரு வருடத்துக்கு முந்திய தேதி.

தாளைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

சாகும்வரை கல்யாணம் செய்துகொள்வதில்லை என்று கடவுளுக்குக் கொடுத்த வாக்கு அது. திருச்சபை விடுவித்திருந்தால் கீழே இன்னொரு வரி இருக்கும். அந்த வரி இல்லாமல் அவர் தாலி கட்டினால் அது கல்யாணமே இல்லை. பந்தல் போடலாம், பாட்டுப் பாடலாம், ஊரைக் கூட்டிச் சோறு போடலாம். கல்யாணம் மட்டும் இருக்காது.

சான்றிதழைக் கவருக்குள் வைத்து இழுப்பறையைப் பூட்டினாள். வந்த தபால்களைக் குறிக்கும் நோட்டில் தேதி போட்டு எழுதினாள். அதை எழுதாமல் இருக்க அவள் கைக்குத் தெரியவில்லை.

மறுநாள் மதியம் கண்ணாடிக் கடைக்குப் போனாள். அவர் ஒரு கண்ணாடிச் சட்டத்தைச் சூடாக்கி வளைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்கக்கா. கண்ணு எதுவும்…"

"கண்ணு நல்லாத்தான் தெரியுது, பிரதர்."

சபைத் துறவிகளைக் கூப்பிடும் அந்தச் சொல்லில் சட்டம் அவர் கையிலேயே நின்றது. அவர் அதைக் கீழே வைத்துவிட்டு, பரிசோதனை அறையைத் திறந்து, உள்ளே போகச் சொன்னார். எழுத்துப் பலகைக்கு எதிரில் இருந்த ஒரே நாற்காலியில் அவள் உட்கார்ந்தாள். அவர் நின்றார்.

"எத்தனை வருஷம் இருந்தீங்க?"

"படிப்போட சேர்த்துப் பதினாறு வருஷம். வெளிய வந்து பதினொண்ணு ஆச்சு."

"ஏன் வந்தீங்க?"

"சண்டை எதுவும் இல்லக்கா. ஒரு நாள் காலையில ஜெபப் புத்தகத்தைத் திறந்தேன். வாய் அசையல. ஆறு மாசம் அசையல. கொஞ்ச நாள் வெளிய இருந்துட்டு வர்றேன்னு எழுதிக் கொடுத்துட்டு வந்தேன்."

"விடுதலை கேக்கலையா?"

"ரெண்டு கடிதம் எழுதினேன். பதில் வரல. பதில் வராததையே பதில்னு வச்சுக்கிட்டேன்."

"அதெப்படி வச்சுக்க முடியும்? நான் கேட்ட ஒரு தாளுக்கு ஒரு மாசம் காத்திருக்கேன்."

அவர் எழுத்துப் பலகையின் விளக்கை அணைத்தார்.

"அவகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்ல. சாமிக்குன்னு போனவனைத் தான் இழுத்துட்டு வந்துட்டோம்னு அவ நினைப்பா. அவ சுபாவம் உங்களுக்குத் தெரியும்."

"இப்ப நான் என்ன செய்யட்டும்?"

"சொல்லாதீங்கன்னு கேக்க எனக்கு வாய் வராது. சொல்லுங்கன்னு சொல்லவும் தைரியம் இல்ல."

"நல்லா இருக்கு. ரெண்டையும் என் தலையில கட்டிட்டீங்க."

வெளியே யாரோ மணியை அடித்தார்கள். அவர் வாடிக்கையாளரைக் கவனிக்கப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் ஓலை. ஆண்டவரின் ஞானஸ்நானத் திருநாள். ஃபாதர் அறிவிப்புத் தாளை எடுத்தார். திங்கட்கிழமை குடில் பிரிக்க ஆட்கள் தேவை. மறைக்கல்வி வகுப்பு மறுபடியும் தொடங்கும். வெள்ளிக்கிழமை நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுபோக வேண்டிய வீடுகளின் விவரத்தைத் தர வேண்டும். எல்லாம் அவள் அடித்த தாள். கடைசியில் ஓலை.

"இவர்களுடைய திருமணத்துக்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் அதைப் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்."

தங்கை பக்கத்தில் உட்கார்ந்து முழங்கையால் அவள் விலாவை மெல்ல இடித்தாள். அவள் முன்பெஞ்சின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து நிற்க வேண்டிய நேரத்தில் எழுந்து நின்றாள்.

வெளியே வந்ததும் கோயில்பிள்ளை பிடித்துக்கொண்டார். "என்ன ரிஜிஸ்டர் அக்கா, ஊருக்கெல்லாம் தடை கண்டுபிடிப்பீங்க. சொந்த மாப்பிள்ளைக்கு ஒண்ணும் கிடைக்கலையா?"

தங்கை வாய்விட்டுச் சிரித்தாள்.

அந்த வாரம் அவள் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தாள். பழைய சான்றிதழ் ஃபைலில் இருக்கிறது. ஃபாதர் அதையே போதும் என்றவர். புதியது வந்தது அவளுக்கு மட்டும் தெரியும். நோட்டில் எழுதிய வரியை யாரும் திருப்பிப் பார்க்கப் போவதில்லை. ஆனால் கல்யாணம் முடிந்ததும் அவள் அந்தப் பங்குக்குத் தகவல் அனுப்ப வேண்டும். அங்கேயும் ஒரு ரிஜிஸ்டர் அக்கா இருப்பாள். பதிவேட்டைத் திறந்து, அதே பெயரின் ஓரத்தில் கல்யாணத்தை எழுதப் போவாள். அங்கே முதலிலேயே ஒரு வரி இருக்கும். இரண்டு வரியும் ஒரே ஓரத்தில் இருக்க முடியாது. தகவலே அனுப்பாமல் விடலாம். அப்படி விட்டால், தன் தங்கைக்கு நடந்தது கல்யாணம் இல்லை என்பதைத் தினமும் சோற்றோடு சேர்த்து விழுங்க வேண்டும்.

வியாழக்கிழமை சாயங்காலம் தங்கை புடவைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். அக்கா சான்றிதழைத் தையல் மெஷின்மேல் வைத்தாள்.

தங்கை படித்தாள். இன்னொரு முறை படித்தாள். அவள் காலடியில் மிதி இரண்டு சுற்றுச் சும்மா ஓடி நின்றது.

"அவருக்குத் தெரியுமா, உனக்குத் தெரியும்னு?"

"போன புதன்கிழமையே போய்க் கேட்டேன். ஆமான்னாரு."

"போன புதனா? அப்ப ரெண்டாவது ஓலை வாசிக்கும்போது நீ என் பக்கத்துல கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தது இதுக்குத்தானா?"

"எப்படிச் சொல்றதுன்னு தெரியலடி."

"உன்னை யாரு இதைக் கேக்கச் சொன்னது?"

"எதை?"

"இந்தத் தாளை! ஃபாதரே போதும்னு சொன்னாரு. உனக்குப் போதல. உனக்கு என்னிக்குத்தான் போதும்? அடுத்தவங்க வீட்டுக் கல்யாணத்தை நோண்டி நோண்டி, கடைசியில என் கல்யாணத்தையும் நோண்டிட்ட."

"நான் கேக்கலைன்னா மட்டும் இது இல்லாமப் போயிடுமா?"

"எனக்குத் தெரியாம இருந்திருக்கும்."

அக்கா தரையில் உட்கார்ந்தாள்.

"அவர்மேல உனக்குக் கோவமே வரலையா?"

"அவர்கிட்ட நான் தனியா சண்டை போட்டுக்குவேன். அது எங்களுக்குள்ள. இப்ப உன்னைத்தான் கேக்கறேன். ஞாயித்துக்கிழமை மூணாவது ஓலை. வாசிக்கட்டும். நீ வாயைத் திறக்காத. அது ஒண்ணு மட்டும் செய்."

"அது கல்யாணமே இல்லடி."

"உனக்கு ஓலை வாசிக்கல. அதனால எனக்கும் வாசிக்கக் கூடாது. அவ்வளவுதானே?"

சொன்ன பிறகு தங்கையே வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனாலும் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. புடவையை மடித்து அலமாரியில் வைத்தாள். அன்று இருவரும் சாப்பிடவில்லை.

சனிக்கிழமை காலை பூசை முடிந்து, ஃபாதர் உடை மாற்றும் அறைக்கு வந்தபோது அவள் கவரை நீட்டினாள். அவர் சன்னல் பக்கம் போய்ப் படித்தார்.

"மாப்பிள்ளைக்கும் பொண்ணுக்கும் தெரியுமா?"

"தெரியும் ஃபாதர்."

"ஆயர் இல்லத்துக்கு எழுதணும். அந்தச் சபைக்கு எழுதணும். அங்கிருந்து மேலிடத்துக்குப் போகணும். மூணு மாசமும் ஆகலாம், ஒரு வருஷமும் ஆகலாம். கிடைக்கும். ஆனா இப்ப நிறுத்தித்தான் ஆகணும்." கவரைத் திருப்பித் தபால் முத்திரையைப் பார்த்தார். "இது எப்ப வந்துச்சு?"

"போன வாரம் செவ்வாய்க்கிழமை."

ஃபாதர் கொஞ்ச நேரம் இருமினார். இருமல் நின்றதும் அங்கியை ஆணியில் மாட்டினார்.

"ரெண்டாவது ஓலையை நான் வாசிக்கும்போது நீங்க கீழ உட்கார்ந்திருந்தீங்க."

"ஆமா ஃபாதர்."

"சரி. அறிவிப்புத் தாளைத் திருத்தி அடிச்சுக் கொடுங்க."

அவள் அடித்துக் கொடுத்தாள். ஒரு பத்தி எடுத்ததில் தாள் பாதிப் பக்கத்தோடு முடிந்துவிட்டது.

ஞாயிறன்று தங்கை அவளோடு வரவில்லை. தனியாக வந்து, இடது பக்கம் அவரோடு உட்கார்ந்தாள். அறிவிப்பு வெள்ளிக்கிழமை நோயாளிகளோடு நின்றது. எல்லோரும் எழுந்திருப்பதற்குள் நாலைந்து தலைகள் இடது பக்கம் திரும்பின. பிறகு ஒவ்வொன்றாக அவள் பக்கம் திரும்பின.

வாசலில் கோயில்பிள்ளை கேட்டார். "மூணாவது ஓலையை ஃபாதர் மறந்துட்டாரா?"

"ஒரு காகிதம் வரணும்" என்றாள் அவள்.

"சரியாப் போச்சு! தங்கச்சியையும் விடலையா நீங்க?" என்று அவர் கையைத் தட்டினார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். தங்கை அவர்களைக் கடந்து போனாள். அன்று சாயங்காலம் ஒரு பையோடு, கூட வேலை பார்க்கும் தோழி வீட்டுக்குப் போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை அலுவலகம் திறந்ததும் ஒரு பெரியவர் மனைவியின் நினைவுநாளுக்குப் பூசை எழுதிக் கொடுக்க வந்தார். அவருக்குப் பின்னால் தங்கை நின்றாள்.

"உள்ள வாடி. ஏன் அங்க நிக்கிற?"

"இருக்கட்டும். வரிசையிலயே நிக்கிறேன்."

பெரியவர் நிதானமாக எழுதிவிட்டுப் போனார். தங்கை சன்னலுக்கு வந்தாள்.

"பங்கு மாத்தணும். அதுக்குச் சான்று வேணும்."

"எங்க?"

விலாசம் சொன்னாள். ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம். அது பக்கத்துப் பங்கு.

"ரூம் எடுத்துட்டேன். விடுதலை வந்ததும் அந்தப் பங்குலயே கல்யாணத்துக்கு எழுதிக் கொடுத்துக்கறோம். அவரு நேத்தே ஃபாதர்கிட்ட எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டாரு."

"ஒரு வருஷம் ஆனா?"

"ஆகட்டும்."

"அதுவரைக்கும் வீட்டுல இருக்கலாமே."

தங்கை சன்னல் கட்டையில் கைவைத்து, நகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவள் அடுக்கிலிருந்து தங்கள் வீட்டின் பங்குக் குடும்ப அட்டையை எடுத்தாள். நாலு பெயர். அப்பா பெயர்மேல் கோடு, பக்கத்தில் இறந்த தேதி. அம்மா பெயர்மேல் கோடு, தேதி. மூன்றாவது அவள். நான்காவது பெயரின்மேல் அளவுகோலை வைத்து ஒரே கோடாக இழுத்தாள். பிறகு சான்றிதழை எழுதத் தொடங்கினாள். பெயர், தகப்பன் பெயர், தாய் பெயர். ஒரு இடத்தில் நிமிர்ந்தாள்.

"காரணம்னு ஒரு கட்டம் இருக்கு."

"வழக்கமா என்ன எழுதுவீங்க?"

"இடமாற்றம்."

"அதையே எழுதுங்க."

எழுதினாள். முத்திரையை மையில் இரண்டு முறை அழுத்தி, தெளிவாக விழும்படி குத்தினாள். தங்கை தாளை வாங்கி, மை காயும்வரை கையில் அகலமாகப் பிடித்துக்கொண்டு நின்றாள். காய்ந்ததும் பையில் வைத்தாள்.

"வர்றேன்."

"சாப்பிட்டியா?"

"ம்."

வாசல் தாண்டிச் செருப்புச் சத்தம் கேட்டது. குடில் பிரித்த இடத்தை யாரோ பெருக்கிக்கொண்டிருந்தார்கள். அவள் அட்டையைப் பழைய அடுக்கில் வைக்கப் போய் நிறுத்தினாள். அது குடும்பங்களுக்கான அடுக்கு. தனியாக இருப்பவர்களின் அட்டைகள் சுவரோரம் வேறு அடுக்கில் இருந்தன. எழுந்து அங்கே போனாள். எழுத்து வரிசையில் தன் பெயருக்கு இடம் தேட அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.