சுடாமல் தேய்ந்த குழல்

லெனார்ட்டின் வேட்டைத் துப்பாக்கி ஏழு வருடம் ஒரு தோட்டாகூடச் சுடாமல் தேய்ந்தது. வெளியே பார்த்தால் தெரியாது. தேய்ந்தது உள்ளே, தோட்டாவிலிருந்து கிளம்பும் குண்டு குழலுக்குள் சுருளாக வெட்டிய வரிகளை முதன்முதலாகக் கவ்வுகிற இடத்தில். அதைத் தொண்டை என்பார்கள். சுடச்சுட வெடிமருந்தின் சூடு அதை அரித்துக்கொண்டே போகும். கோச்செவ்யே காட்டை ஒட்டிய எங்கள் ஊரில் துப்பாக்கி பழுதுபார்ப்பவள் பொலோனா. ஒவ்வொரு ஏப்ரலிலும், மான் வேட்டை தொடங்குமுன், பத்துக் கோடு போட்ட கூம்புக் கம்பியைக் குழலின் பின்பக்கமாக நுழைத்து, எந்தக் கோடு வரை போகிறதென்று பார்ப்பாள். பத்தாம் கோடு வரை போனால் குழல் செத்தது. குண்டு கண்ட இடத்துக்குப் போகும், மான் காயத்தோடு ஓடிப் புதரில் கிடந்து சாகும். ஒழுங்காகச் சுடுகிறவனுக்கு ஒரு கோடு ஏற ஏழெட்டு வருடம் ஆகும். லெனார்ட்டுக்கு வருடம் ஒன்று ஏறியது.

அவன் காட்டிலிருந்து எதுவும் கொண்டுவந்ததில்லை என்பதுதான் வேடிக்கை. விடியுமுன் பரணில் ஏறுவான், காலை உணவுக்கு வெறுங்கையோடு திரும்புவான், கேட்டால் "தப்பிருச்சு" என்பான். பரண் காலில் மான்கள் உடம்பு தேய்த்துச் சொறிந்துகொள்கின்றன என்று ஊர் சிரித்தது. அவன் மனைவி நெஷ்காவும் சேர்ந்து சிரித்தாள், கடைக்குப் போய் பன்றி இறைச்சி வாங்கி வந்தாள். ஆனால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றாம் வருட ஏப்ரலில் கம்பி எட்டாம் கோட்டைத் தொட்டபோது வேட்டைக் குடும்பத்தின் தலைவர் காபர் சிரிக்கவில்லை. வேட்டைக் குடும்பம் என்பது எங்கள் ஊர் வேட்டைக்காரர்களின் சங்கம். அதிலிருந்து நீக்கப்பட்டவன் துப்பாக்கியோடு காட்டில் கால் வைக்க முடியாது.

"நெருப்பில்லாம புகையுமா?" என்றார் காபர். "திருட்டுத்தனமா சுட்டு எல்லை தாண்டி விக்கிறான். துப்பாக்கியப் பிடுங்கிட்டு வெளியே அனுப்புங்க."

"என்கிட்ட இருவது தோட்டா இருக்கு. பெட்டிய இன்னும் பிரிக்கவே இல்ல" என்றான் லெனார்ட். பரண் போனால் அவனுக்கு வேறெதுவும் இல்லையென்று எல்லோருக்கும் தெரியும்.

தன் கம்பி சொன்ன எண்ணை வைத்து ஒருவனைத் துரத்துகிறார்களே என்று பொலோனாவுக்கு உறுத்தியது. மூன்று நாள் தவணை கேட்டாள். மறுநாள் விடியலில் அவன் பின்னாலேயே பரணில் ஏறினாள். ஏறுமுன் அளந்து, கம்பியில் பென்சிலால் கோடு கிழித்துக்கொண்டாள். வெளிச்சம் வந்ததும் ஒரு கிடா மான் வெட்டவெளிக்கு வந்து நின்றது. லெனார்ட் குறிபார்த்தான். விரல் விசைமேல் இருந்தது. மூச்சை மெல்ல விட்டு, துப்பாக்கியைத் தாழ்த்தினான். அப்படியே மூன்று மான்கள் வந்தன, போயின. பொலோனா துப்பாக்கியை வாங்கிப் பின்பக்கம் திறந்தாள். குழல் சூடாக இருந்தது. கம்பி பென்சில் கோட்டைத் தாண்டி ஒரு மயிரிழை உள்ளே போயிற்று.

"குறி பார்க்காம சும்மா உட்கார்ந்திருக்கலாமே" என்றாள்.

"கையில இருக்கிறத விட்டாத்தானே விட்டதா அர்த்தம்?" என்றான் அவன். பிறகு சொன்னான். ஏழு வருடத்துக்கு முன் நெஷ்கா நெஞ்சு நோயில் கிடந்தபோது, பிழைத்தால் இனி ஓர் உயிரையும் எடுப்பதில்லையென்று வழியோரச் சிலுவையடியில் வேண்டிக்கொண்டானாம். அவள் பிழைத்தாள். அதற்கு நன்றி சொல்லத்தான் தினமும் போய்க்கொண்டிருந்தான். யாரிடமும் சொன்னால் வேண்டுதலின் பலன் போய்விடுமோ என்று பயம்.

பொலோனா பொய் பேசாதவள். மூன்றாம் நாள் சங்கம் கூடியபோது அவள் எழுந்து, சுடாத வேட்டுகளால்தான் குழல் தேய்ந்தது, சூட்டை என் கையாலேயே தொட்டுப் பார்த்தேன் என்று சொன்னபோது சபையில் யாரும் மறுக்கவில்லை. புதுக் குழலுக்குச் சங்கமே ஏற்பாடு செய்வதென்று ஒரே மூச்சில் முடிவாயிற்று. பிறகு எல்லோரும் இறைச்சிக் குழம்பு சாப்பிடப் போனார்கள். நெஷ்கா மட்டும் வாசலிலேயே நின்றாள்.

"ஏழு வருஷம் ஊரோட சேர்ந்து நானும் உன்னப் பார்த்துச் சிரிச்சேனே" என்றாள்.

"நீ சிரிக்கணும்னுதானே வேண்டிக்கிட்டேன்" என்றான் லெனார்ட்.

அவள் அவன் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். வேறென்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

அடுத்த ஏப்ரலில் காபர் தன் துப்பாக்கியைக் கொண்டுவந்து வைத்தார். அந்த வருடம் அவர் பரணிலிருந்து ஒரு வெடிச் சத்தமும் கேட்கவில்லை. கம்பி இரண்டு கோடு கூடுதலாக இறங்கியது. பொலோனா நிமிர்ந்து பார்த்தாள்.

"சுட்டதா, விட்டதா தலைவரே?"

காபர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "காலை வெயில் கண்ணுல அடிக்குதும்மா" என்றார். பொலோனா இப்போது எல்லோரிடமும் அளக்குமுன் அந்தக் கேள்வியைக் கேட்கிறாள், காபியில் சர்க்கரை வேண்டுமா என்று கேட்பது போல. எங்கள் ஊருக்குக் குழல் அதிகமாகவும் தோட்டா குறைவாகவும் அனுப்ப வேண்டுமென்று துப்பாக்கிக் கடைக்காரருக்கும் பழகிவிட்டது.