பாலத்தின் மேல் சொல்கிறேன்

வந்தவர் காப்பிக் கிண்ணத்தை வாங்கினார். உதட்டருகே கொண்டுபோனார். குடிக்காமல் தரையில் வைத்தார்.

வீட்டுக்காரன் முத்லக் அந்தக் கிண்ணத்தையே பார்த்தான். கிண்ணம் கீழே இறங்கினால், கேட்க ஒரு காரியம் இருக்கிறது என்று பொருள். செய்து தருகிறேன் என்று வீட்டுக்காரன் வாக்குக் கொடுக்கும்வரை வந்தவர் குடிக்க மாட்டார். குடிக்காமலே எழுந்து போய்விட்டாலோ, அந்தக் கூடாரத்தின் மானம் வாதி ரம் பள்ளத்தாக்கு முழுக்கக் காற்றில் பறக்கும்.

"என்ன காரியம்?" என்று முதலில் கேட்டிருக்கலாம். நிதானமான ஆள் அப்படித்தான் செய்வான். முத்லக்குக்கு நிதானம் கொஞ்சம் தூரத்துச் சொந்தம்.

"குடியுங்கண்ணே. நீங்க வந்த காரியம் முடிஞ்சதுன்னு வெச்சுக்குங்க."

வந்தவர் ஒரே மடக்கில் குடித்தார். போதும் என்பதற்கு அடையாளமாகக் கிண்ணத்தை இருமுறை ஆட்டித் திருப்பிக் கொடுத்தார்.

"அல்லாஹ் உங்களுக்கு நல்லது செய்யட்டும். என் பேர் ஜத்ஆன். காரியத்தை இங்க சொல்ல முடியாது. என்னைக் கல்பாலத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. மேல போய்ச் சொல்றேன்."

கூடாரத்தை இரண்டாகப் பிரித்த கம்பளித் திரைக்கு அந்தப் பக்கம் பாத்திரம் ஒன்று உருண்டது.

முத்லக் திரையைத் தாண்டிப் போனதும் நவ்ஃபா அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அவள் அவனுடைய சித்தப்பா மகள், அவர்கள் வழக்கப்படியே மனைவி, சின்ன வயதில் அவனோடு மண் தின்றவள். அதனால் மரியாதை கொஞ்சம் குறைவு.

"ராஷித் அப்பா, உனக்கு மூளை எங்க இருக்கு? என்னன்னே தெரியாம முடிஞ்சதுன்னுட்டியே. வத்ஹாவைக் கேட்டா?"

முத்லக்கும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தான்.

வத்ஹா அவனுடைய வெள்ளைப் பெண் ஒட்டகம். போன வருடப் பந்தயத்தில் ஒரு கழுத்து தூரத்தில் முதலிடத்தைத் தவறவிட்டது. அடுத்த மாதப் பந்தயத்தில் அதுதான் ஜெயிக்கும் என்று பள்ளத்தாக்கே பேசிக்கொண்டிருந்தது. சுற்றுலாக்காரர்களை ஜீப்பில் ஏற்றிச் சுற்றிக்காட்டுவது முத்லக்கின் பிழைப்பு. வத்ஹாதான் அவன் உயிர். கூடாரத்துக்குப் பின்னால், மலையிடுக்கில், முன்காலில் தளைபோட்டு மேயவிட்டிருந்தான்.

"அதைக் கேட்டா கொடுத்துத்தான் ஆகணும்" என்றான் மெதுவாக.

"கொடு. எனக்கும் நிம்மதி. நாலஞ்சு நாளா நான் கிட்டப் போனாலே வாலைச் சுருட்டித் தூக்கிக் காட்டுது. மரியாதை தெரியாத பிராணி."

"ஈ மொய்ச்சிருக்கும்."

"குளிர்காலத்துல ஏது ஈ?" என்றபடி அவள் செருப்பை மாட்டினாள். "நானும் வர்றேன். ஆடு ஒண்ணைக் காணோம். மலையேறியிருக்கும்."

ஆடுகள் எல்லாம் பட்டியிலேயே நின்று அவளை வேடிக்கை பார்த்தன.

ஜீப் மலையடிவாரத்தில் நின்றது. தலைக்கு மேல், இரண்டு சிவந்த பாறைமுகடுகளுக்கு நடுவே, வானத்தின் ஒரு துண்டைக் கைக்குள் வைத்திருப்பதுபோல வளைந்து நின்றது, காற்று குடைந்த கல்பாலம். ஜத்ஆன் அதை அண்ணாந்து பார்த்தார். பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. ஐம்பது வயதிருக்கும், கட்டையான ஆள். தோளில் துணி சுற்றிய மூட்டை ஒன்று.

"அதைக் கொடுங்கண்ணே, நான் தூக்கிக்கறேன்."

"வேணாம் வேணாம்" என்று மூட்டையை இறுக்கிக்கொண்டார்.

ஏறத் தொடங்கினார்கள். முதலில் சாய்ந்த பாறைகள். வழி காட்ட, அங்கங்கே கல்லின் மேல் கல் வைத்த சின்னக் குவியல்கள். நவ்ஃபா ரப்பர் செருப்போடு ஆடு மாதிரி முன்னே போனாள். ஜத்ஆன் நாலு காலில் போனார்.

பாறையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பற்றி அவர் பேசினார். முதவ்வரா பக்கம் மழை பெய்ததைச் சொன்னார். தம்பி மகனுக்கு அகபாவில் வேலை கிடைத்ததைச் சொன்னார். மூச்சு வாங்கும்போது மட்டும் கேள்வி கேட்டார்.

"உங்க வெள்ளைக்காரி நல்லா மேயறாளா?"

முத்லக்கின் கால் ஒரு கணம் வழுக்கியது. "மேயறா."

"எங்க கட்டியிருக்கீங்க?"

"பின்பக்க இடுக்குல. தளை போட்டிருக்கேன்."

"அவளுக்கு வயசென்ன?"

"ஏழு."

"ஏழு" என்று திருப்பிச் சொல்லி, ஏதோ கணக்குச் சரியாக வந்ததுபோலத் தலையாட்டினார்.

நவ்ஃபா திரும்பி, கணவனைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். போச்சு என்று அர்த்தம்.

விருந்தாளியை என்ன ஏது என்று துருவக்கூடாது. மூன்று நாள் சோறு போட்ட பிறகுதான் அந்த உரிமை. ஆனால் தெரிந்துகொள்ளும் ஆசைக்கு வழக்கம் தெரியாது. முத்லக் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தான்.

"பெரிய பெரிய ஒட்டகத் தடமா இருக்கு எங்க கூடாரத்துப் பக்கம். நீங்களும் பார்த்திருப்பீங்க. சப்பாஹ்னு ஒருத்தன், எங்க சொந்தக்காரன். அவனோட கிழட்டு ஆண் ஒட்டகம். மேயறதைத் தவிர வேற எதுக்கும் உதவாது, ஆனா கட்டுல நிக்காது. போன வாரம் அவன் கூடாரத்துக்கே போய்க் கத்திட்டு வந்தேன்."

ஜத்ஆன் நின்றுவிட்டார். "அவர் என்ன சொன்னார்?"

"அவுக்கவே இல்லைன்னு தலைமேல அடிச்சுச் சத்தியம் பண்ணான். பொய்யன்."

"ஓ" என்றார் ஜத்ஆன். மறுபடி நாலு காலில் ஏறத் தொடங்கினார்.

அந்த 'ஓ'வை முத்லக் அடுத்த பாறைவரை மென்றுகொண்டே போனான். விழுங்க முடியவில்லை.

நடுவழித் திண்டில் நவ்ஃபா சுள்ளி பொறுக்கித் தேநீர் வைத்தாள். சாம்பலில் சுட்ட ரொட்டியும் தக்காளியும் கொண்டுவந்திருந்தாள். ஜத்ஆன் பள்ளத்தின் பக்கம் முதுகைக் காட்டி, பாறையோடு பாறையாக ஒட்டி உட்கார்ந்தார்.

"அண்ணே, உயரம்னா பயமா?" என்றாள் நவ்ஃபா.

"பயமெல்லாம் இல்லம்மா. தரைன்னா பிரியம்."

அவள் சிரித்துவிட்டாள். முத்லக்குக்குச் சிரிப்பு வரவில்லை. இவ்வளவு பயந்தவர் இங்கே எதற்கு ஏறுகிறார்? ஒட்டகம் வேண்டுமென்றால் கூடாரத்தில் கேட்டு ஓட்டிக்கொண்டு போயிருக்கலாம். மலை எதற்கு? மூட்டைக்குள் என்ன?

"ஒருவேளை பொண்ணு கேக்க வந்திருப்பாரோ?" என்று நவ்ஃபாவின் காதில் கிசுகிசுத்தான்.

"நமக்குத்தான் மூணும் பையன்களாச்சே, மறந்துட்டியா?"

கடைசிச் சுவரில் கயிறு போட வேண்டியிருந்தது. முத்லக் மேலே நின்று இழுத்தான். நவ்ஃபா கீழே நின்று, எந்தக் காலை எங்கே வைப்பது என்று சொல்லிக்கொண்டே வந்தாள். ஜத்ஆன் கண்ணை மூடிக்கொண்டு ஏறினார். ஏறி முடித்தபின்னும் திறக்கவில்லை.

"வந்தாச்சுண்ணே. பாலத்து மேலதான் நிக்கறீங்க."

அவர் அப்படியே குப்புறப் படுத்தார். பாலம் இரண்டு ஜீப் அகலம். ஆனால் அவருக்கு அது கயிறு அகலமாகத்தான் தெரிந்திருக்க வேண்டும். படுத்தபடியே விளிம்புவரை நகர்ந்து, மூட்டையை அவிழ்த்தார். உள்ளே ஒரு பழைய தொலைநோக்கி.

கீழே செம்மணல் விரிந்து கிடந்தது. மலையை யாரோ கத்தியால் கீறியதுபோல இடுக்குகள் வரிசையாக ஓடின. தரையில் நின்றால் ஒவ்வொன்றுக்குள்ளும் நுழைந்துதான் பார்க்க வேண்டும். இங்கிருந்து எல்லாம் உள்ளங்கை ரேகைபோலத் தெரிந்தன.

ஜத்ஆன் ஒவ்வொரு ரேகையாகத் தேடினார். ஓரிடத்தில் தொலைநோக்கி நின்றது. அவர் தோள் குலுங்கியது.

"இருக்கான்" என்றார். "முத்லக், பாருங்க."

முத்லக் வாங்கிப் பார்த்தான். அவனுடைய பின்பக்க இடுக்குதான். வளைவுக்கு இந்தப் பக்கம் வத்ஹா வெள்ளையாக மேய்ந்துகொண்டிருந்தது. வளைவுக்கு அந்தப் பக்கம், கூடாரத்திலிருந்து ஒருநாளும் தெரியாத மூலையில், கருத்த பெரிய ஆண் ஒட்டகம் ஒன்று படுத்திருந்தது. அது எழுந்து மெல்ல வத்ஹாவின் பக்கம் வந்தது. உடனே வத்ஹா விறைத்து நின்று, வாலைச் சுருட்டி மேலே தூக்கியது.

முத்லக்கின் கை தாழ்ந்தது.

பெண் ஒட்டகம் யாராவது நெருங்கும்போது வாலைச் சுருட்டித் தூக்கினால் என்ன அர்த்தம் என்று ஒட்டகம் வளர்க்கிற எல்லாருக்கும் தெரியும். கரு தங்கிவிட்டது, தள்ளி நில். நவ்ஃபா ஆட்டுக்காரி. ஆட்டுக்கு வால் எப்போதும் மேலேதான். அவளுக்குத் தோன்றாதது குற்றமில்லை. ஒட்டகக்காரன் அவன், காதில் விழுந்தும் ஈ என்றானே.

"அது உங்களுதா?"

"என் அத்ஹம்."

அந்தப் பேர் முத்லக்குக்குத் தெரியும். எல்லைக்கு அந்தப் பக்கம் தபூக்வரை தெரிந்த பேர். என்ன கொடுத்தாலும் யாருடைய ஒட்டகத்தோடும் சேர்க்காமல் காத்துவந்த ஆண் அது.

"மூணு வாரம் முன்னாடி கயித்தை அத்துக்கிட்டான்" என்றார் ஜத்ஆன். "தடம் பிடிச்சு வந்தேன். நடுவுல மழை அழிச்சிருச்சு. உங்க பக்கம் வந்திருப்பான்னு தோணுச்சு. ஆனா கண்ணால பார்க்காம, என் ஒட்டகம் உங்க பந்தயக்காரியைக் கெடுத்துருச்சுன்னு உங்க கூடாரத்துல உக்காந்து எப்படிச் சொல்வேன்? இல்லைன்னு ஆயிட்டா உங்க வீட்டுக்குத்தானே அவமானம்? அதான் மேல வந்து பார்த்துட்டுச் சொல்றேன்னேன்."

"சரி. காரியத்தைச் சொல்லுங்க."

"அவளை இந்த வருஷம் ஓடவிடாதீங்க."

காற்று பாலத்துக்கு அடியில் ஊதிக்கொண்டு போனது.

"ஓடினா கரு தங்காது. அத்ஹமுக்கு வயசாச்சு. அவன் வழியில ஒரு குட்டிகூட இப்ப உயிரோட இல்லை. பொத்திப் பொத்தி வெச்சது என் முட்டாள்தனம். குட்டி உங்களுதுதான், எனக்கு வேண்டாம். அது பொறக்கணும், அவ்வளவுதான்."

முத்லக் மறுபடியும் தொலைநோக்கியைத் தூக்கினான். பந்தய மைதானம் கண்ணில் ஓடியது. தூசி, கூச்சல், முன்னால் ஒரு வெள்ளைக் கழுத்து. ஒரு வருடம் அதற்காகவே விடியலில் எழுந்தவன்.

"இதையே கீழ கேட்டிருந்தா முடியாதுன்னு சொல்லியிருப்பேன்" என்றான்.

"தெரியும். அதனாலதான் முதல்ல கிண்ணத்தை வெச்சேன்."

முத்லக் கொஞ்ச நேரம் கோபத்தைத் தேடினான். கிடைக்கவில்லை. கையில் கிடைத்தது வேறொன்று. கருப்புக்கும் வெள்ளைக்கும் பிறப்பது என்ன நிறத்தில் இருக்கும்? அத்ஹமின் கால் நீளமும் வத்ஹாவின் மூச்சும் ஒரே உடம்பில் சேர்ந்தால்?

"வாக்கு வாக்குதான்" என்றான். "ஓடமாட்டா."

"முதல்ல கீழ போய் சப்பாஹ் கால்ல விழு" என்றாள் நவ்ஃபா.

அப்போதுதான் தெரிந்தது, ஜத்ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. தேடிவந்தது கிடைத்ததும் பயம் மொத்தமாக வந்து அவர்மேல் உட்கார்ந்துகொண்டது. இரு கையாலும் பாறையைக் கட்டிப்பிடித்திருந்தார்.

"நீங்க போங்க. நான் இங்கயே இருந்துக்கறேன்."

"எத்தனை நாளைக்கு?"

"குட்டி பொறக்கட்டும்."

கயிற்றைக் காட்டினார்கள். கெஞ்சினார்கள். அவர் அசையவில்லை. வெயில் சாய ஆரம்பித்தது. முத்லக் யோசித்தான். பிறகு நவ்ஃபாவின் பையிலிருந்து ஃபிளாஸ்க்கை எடுத்தான். ஒரு கிண்ணத்தில் காப்பி ஊற்றி ஜத்ஆனிடம் கொடுத்து, அவர் கையால் தனக்குக் கொடுக்கச் சொன்னான். அவர் படுத்தபடியே நீட்டினார். முத்லக் வாங்கினான். உதட்டருகே கொண்டுபோனான். குடிக்காமல் பாறையில் வைத்தான்.

ஜத்ஆனின் கண் விரிந்தது. "அடப்பாவி. என்ன வேணும் உங்களுக்கு?"

முத்லக் கண்ணால் கிண்ணத்தைக் காட்டினான்.

"சரி, குடியுங்க. முடிஞ்சதுன்னு வெச்சுக்குங்க. சொல்லுங்க, என்ன?"

முத்லக் ஒரே மடக்கில் குடித்துக் கிண்ணத்தை ஆட்டினான்.

"கீழ போய்ச் சொல்றேன்."

ஜத்ஆன் அவனையே பார்த்தார். கயிற்றைப் பார்த்தார். பிறகு ஒரு கையைப் பாறையிலிருந்து விடுவித்தார்.

கடைசிச் சுவரில் அவரை இறக்கிக்கொண்டிருந்தபோது நவ்ஃபா கணவனின் காதருகே குனிந்தாள். "என்ன கேக்கப்போறே?"

"இன்னும் யோசிக்கலை" என்றான் முத்லக்.

கீழே, கண்ணைத் திறந்துகொண்டே கயிற்றில் இறங்கிய ஜத்ஆன், "அத்ஹமையா கேக்கப்போறீங்க? அதையாவது சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டே போனார்.