மாடிவீட்டுக் கெமிஸ்ட்

பெயிண்ட் கம்பெனி ஆய்வகத்தில் நிறம் வெளுக்கிறதா, உரிகிறதா என்று பார்ப்பதுதான் அவள் வேலை. "எங்க சின்னவ கெமிஸ்ட்" என்று ஓரகத்தி குடியிருப்பு முழுக்கப் பெருமையடித்து வைத்திருந்தாள். அதை நம்பித்தான் கீழ்வீட்டு மாமா ஒரு மாலை இரண்டு மாத்திரை அட்டைகளோடு மாடியேறி வந்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், ரத்த அழுத்தக்காரர். மருந்துக்கடைக்காரரும் கெமிஸ்ட், நீயும் கெமிஸ்ட், அதெப்படிம்மா என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்தார்.

அவளுக்குப் பிடித்த கேள்வி. ஈயத்தைப் பொன்னாக்கப் பார்த்த ரசவாதிகள்தான் அந்தக் காலத்தில் மருந்தும் அரைத்தார்கள், அவர்கள் கலைக்கு அரபியில் இருந்த பெயர்தான் தேய்ந்து திரிந்து கெமிஸ்ட் ஆனது, தொழில் இரண்டாகப் பிரிந்தும் பெயர் பிரியவில்லை என்றாள். அதோடு விட்டாளா? தமிழில் வேதித்தல் என்றாலே ஒன்றை வேறொன்றாக மாற்றுவது, வேதியியல் அதிலிருந்து வந்தது என்றும் அளந்தாள். மாமா வாய் பிளந்து கேட்டார். பிறகு அட்டைகளை நீட்டினார். ஒன்று பழைய டாக்டர் கொடுத்தது, ஒன்று புது டாக்டர் கொடுத்தது. இரண்டையும் சேர்த்துப் போடலாமா?

இவ்வளவு பேசியபின் தெரியாது என்று சொல்ல அவளுக்கு நா எழவில்லை. அட்டைகளின் மேலே இருந்த பெயர்கள் வேறாக இருந்தன. கீழே பொடி எழுத்தில் இருந்ததை அவள் படிக்கவில்லை.

"வேற வேற மருந்துதான் மாமா, போடுங்க."

மறுநாள் காலை மாமா குளியலறையில் மயங்கி விழுந்தார். நெற்றி கிழிந்தது. இரண்டும் ஒரே மருந்து, கம்பெனிதான் வேறு, அதனால் அழுத்தம் ஒரேயடியாக இறங்கிவிட்டது என்று மருத்துவமனையில் சொன்னார்கள்.

பார்க்கப் போனவளை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. தானே குழம்பிப் போட்டுக்கொண்டதாக மாமா தன் மகளிடம் சொல்லியிருந்தார். அப்படியே விட்டிருந்தால் விஷயம் அமுங்கியிருக்கும். ஆனால் அந்தக் கட்டுப் போட்ட நெற்றியைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு உடம்பு கூசியது. நடந்ததை மகளிடம் சொன்னாள்.

மகள் ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது.

"தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா."

திட்டியிருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது. "விடும்மா, வேணும்னா சொல்லுச்சு அந்தப் புள்ள?" என்றார் மாமா. அது இன்னும் மோசமாக இருந்தது.

மாமா தேறி வீடு வந்துவிட்டார். மகள் அவளோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள். மாமாதான், எதிர்ப்பட்டால் "வேலைக்குக் கிளம்பிட்டியாம்மா" என்று கேட்பார். அவள் தலையை மட்டும் ஆட்டிவிட்டு நடையைக் கட்டுவாள். அவர் முகம் பார்த்துப் பேச அவளுக்கு இன்னும் வரவில்லை.