வில் உயரும் வரை

எழுந்திருக்கப் பார்த்த கொழுந்தனின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். இழுத்த வேகத்தில் மணிக்கட்டுப் பட்டன் பிய்ந்து அவள் கையோடு வந்துவிட்டது.

"அண்ணி, அண்ணன் ஒரு மாதிரி இருக்காரு..."

"ஷ்ஷ்! இது இப்படித்தான் தம்பி. பேசாம இருங்க."

மேடையில் நான்கு பேர். ஓரத்தில் அவள் கணவர், செல்லோ என்னும் அந்தப் பெரிய வயலினை முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி, அதன் கழுத்தின்மேல் தலை சாய்த்திருந்தார். புதிதாக எழுதப்பட்ட இசை அது. முணுமுணுக்க ஒரு மெட்டுகூடக் கிடையாது. வில் கம்பியில் உரசுவது, மரத்தைத் தடவுவது, பக்கத்து அறையில் யாரோ துணி மடிப்பது போன்ற ஓர் அரவம். முடிவில் அதுவும் தேய்ந்து போகும். வில் கம்பிமேல் இருக்கும், ஓசை இருக்காது. அவர் வில்லை உயர்த்தினால்தான் முடிந்தது என்று அர்த்தம். அதுவரை மற்ற மூவரும் தலை குனிந்து அசையாமல் இருப்பார்கள்.

இதெல்லாம் அவளுக்குப் பிடிபட வருஷக்கணக்கானது. கல்யாணமான புதிதில் நடுவிலேயே கைதட்டி அவர் மானத்தை வாங்கியவள்தான். "சும்மா இருக்கறதுக்கும் டிக்கெட்டா?" என்று கேலி செய்யாத நாள் இல்லை. இன்று, காப்பீட்டு அலுவலகத்திலிருந்து நேரே வந்து நெளிந்துகொண்டிருந்த கொழுந்தனுக்கு அவளே வாத்தியார். "வில்லு மேல போற வரைக்கும் மூச்சு விடக் கூடாது" என்று முன்கூட்டியே மிரட்டியும் வைத்திருந்தாள்.

வில் மேலே போகவில்லை. இவ்வளவு நேரம் அவர் எந்தக் கச்சேரியிலும் நீட்டியதில்லை. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. மனுஷன் இன்னைக்கு அசத்திட்டாரு என்று நினைத்துக்கொண்டாள்.

பின்வரிசையில் யாரோ பொறுக்க மாட்டாமல் கைதட்ட, அரங்கமே தட்டியது. அவளும் தட்டினாள். மூவர் எழுந்து வணங்கினார்கள். அவர் எழவில்லை. பக்கத்தில் வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலாவை வாசித்தவள் திரும்பி அவர் தோளைத் தொட்டாள். கைதட்டல் ஓய்வதற்குள் வில் தரையில் விழுந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டு மாரடைப்பு என்றார். "மயங்கினதுமே பாத்துட்டீங்களா? ஏன் கேக்கறேன்னா, இதுல ஒவ்வொரு நிமிஷமும்..."

அவள் வாயைத் திறந்தாள்.

"உடனே ஓடிட்டோம் டாக்டர்," என்றான் கொழுந்தன்.

அவள் அவனைப் பார்த்தாள். அவன் சுவரைப் பார்த்தான்.

அழுகை வரவில்லை அவளுக்கு. அந்தக் கைதட்டல்தான் காதை விட்டுப் போவேனா என்றது. நான் இழுக்காமல் இருந்திருந்தால், நான் இழுக்காமல் இருந்திருந்தால் என்று மனசு அதையே அரைத்துக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை கூடத்தில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். நாற்காலிகளில் வந்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். கொழுந்தன் சட்டைக் கைகள் இரண்டையும் முழங்கை வரை மடித்துவிட்டுக்கொண்டு வாசலுக்கும் உள்ளுக்குமாக அலைந்தான். வழக்கமாக மடிக்கிற ஆளில்லை அவன்.

"எப்படிடா ஆச்சு? நல்லாத்தானே இருந்தான்!" நாத்தனார் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"என்னத்தச் சொல்றது அக்கா. உடனே மேடைக்கு ஓடினோம். அண்ணிதான் முதல்ல கவனிச்சாங்க."

"பாவி, அவ உசுரே அவன்தானே. அவ கண்ணுக்குத் தப்புமா?"

அவளை அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

"தம்பி."

அவன் வந்து அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

"சட்டைக் கையை இறக்குங்க."

"எதுக்கு அண்ணி இப்ப..."

மூடியிருந்த கையைத் திறந்து காட்டினாள். பட்டன் உள்ளங்கையில் வட்டமாகத் தடம் பதித்திருந்தது.

"அண்ணி, அது கிடக்கட்டும். விடுங்க."

"ஊசி நூல் வேணும்," என்றாள் பொதுவாக எல்லோரிடமும்.

"அதிர்ச்சில என்ன பண்றோம்னே தெரியல அவளுக்கு," என்று நாத்தனார் முணுமுணுத்தாள். ஆனாலும் எழுந்து போய் எடுத்துவந்து கொடுத்தாள்.

நூல் நுனி ஊசிக் காதைத் தாண்டித் தாண்டிப் போயிற்று. யாரும் வாங்கிக் கோத்துத் தரவில்லை. அவன் மடித்திருந்த கையை இறக்கிவிட்டு, பட்டன் இல்லாத மணிக்கட்டை அவள் மடியருகே நீட்டினான். நூல் ஏறும் வரை அசைக்காமல் வைத்திருந்தான்.