ஏழாவது தொட்டிக்கு எந்த இடம்

மாணிக்கவேலிடம் துப்பறியும் வேதகிரி கதைப் புத்தகங்கள் நாற்பத்திரண்டு இருந்தன. சர்க்கரை நோயில் இரண்டு கண்ணும் போன பிறகு, அவற்றை நூலகத்துக்குக் கொடுத்துவிட நினைத்தான். அங்கே சத்யப்ரியா என்கிற பெண், "பத்து புக்குக்குத்தான் இடம் இருக்குது. எது நல்லது, எது மட்டம்னு வரிசையா எழுதிக் குடுங்க" என்று சொல்லிவிட்டாள்.

எழுதும் வேலை என் தலையில் விழுந்தது.

"ஏன் தேவேந்திரா, எழுத்துக் கத்துக்கினது வீணாப் போவ வேணாம்ல" என்றான் மாணிக்கவேல்.

நான் எழுத்துக் கற்றது ஐம்பத்து மூன்று வயதில். சாயப்பட்டறையில் பட்டு நூலைக் கொதிக்கிற தொட்டியில் முக்கி எடுப்பது என் வேலை. அன்றும் அதுதான், இன்றும் அதுதான். மாணிக்கவேலும் அங்கேதான் இருந்தான். அவனைச் சேர்க்காமல் நாங்கள் பதினோரு பேர். ஒருத்தருக்கும் படிக்கத் தெரியாது. சாப்பாட்டு நேரத்தில் அவன் வேதகிரி கதையை உரக்க வாசிப்பான். கை கழுவக்கூட எழுந்திருக்காமல் கேட்போம்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில், சின்ன காஞ்சிபுரத்தில் அவன் மகள் சங்கரி வீட்டில், நான் அவனுக்கு வாசித்தேன். எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும்.

"நீ இப்பிடிப் படிச்சா, வேதகிரி வர்றதுக்குள்ள கொலைகாரன் வயசாகியே செத்துப்புடுவான்பா" என்பான். உள்ளே சங்கரி சிரிப்பாள்.

ஒவ்வொன்றாக இடம் கொடுத்தோம். 'ரயிலடிப் பிணம்' வேண்டாம் என்றான். "வேதகிரி அதுல ஒண்ணுமே கண்டுபுடிக்கல. கொலைகாரனே வந்து ஒத்துக்கினு போறான்." 'ஊமைக் கடிகாரம்' மூன்றாவது; அதில் மழை பெய்கிற இடம் அவனுக்குப் பிடிக்கும்.

முதல் இடம் 'ஏழாவது தொட்டி'க்கு. எனக்கு அதில் சந்தேகமே இல்லை. சாயப்பட்டறை முதலாளி தொட்டியில் செத்துக் கிடக்கிறார். கையெல்லாம் சிவப்பாக நிற்கிற கூலிக்காரனைப் பிடித்துவிடுகிறார்கள். வேதகிரி வந்து அவன் கையைப் புரட்டிப் பார்க்கிறார். "இது வேலை செஞ்ச கை. கொலை செஞ்ச கை இல்லை" என்கிறார். கொன்றது முதலாளியின் தம்பி. கூலிக்காரன் வீட்டுக்குப் போகிறான். நாற்பத்திரண்டு கதையில் எங்களைப் போல ஒருத்தன் வீடு திரும்பியது அதில் மட்டும்தான். ஒரு வருஷம் பட்டறையில் நூல் காணாமல் போய், போலீஸ்காரர் எங்களை வரிசையாக நிறுத்தினார். வேதகிரியின் அந்த வரியை மனசுக்குள் சொல்லிக்கொண்டுதான் கையை நீட்டினேன்.

"அது மட்டம்" என்றான் மாணிக்கவேல். "கடைசில போட்டுடு. படிக்காத."

"இன்னாபா சொல்ற? அதுதான்பா நல்லது."

"வேணாம்னா வேணாம்."

அவன் குரல் சரியில்லை. புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். பட்டறையில் சோறு தின்ற பிறகு தினமும் நாலு பக்கம், ஐந்து பக்கம் படித்தேன். சனிக்கிழமை கடைசிப் பக்கம் வந்தது.

புத்தகத்தில் வேதகிரி அந்தக் கூலிக்காரனின் கையைத் தூக்கிப் பிடிக்கிறார். "கறை படிந்த கை பொய் சொல்லாது" என்கிறார். கொன்றது அவன்தான். தூக்கில் போடுகிறார்கள்.

நான் திரும்பத் திரும்பப் படித்தேன். எழுத்துக் கூட்டியதில் தப்பு இருக்குமோ என்று பார்த்தேன். இல்லை. பிறகுதான் ஒன்று ஞாபகம் வந்தது. பட்டறையில் இந்தக் கதையை வாசித்த அன்றைக்கு, இந்த இடத்தில் மாணிக்கவேல் வாசிப்பதை நிறுத்தி எங்களைப் பார்த்தான். ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தான். அப்புறம்தான் மேலே போனான்.

அன்று சாயங்காலம் வரைக்கும் அவன்மேல் கோபமாக இருந்தது. போலீஸ்காரர் முன்னால் நான் நம்பி நின்றது எதை என்று கேட்க வேண்டும்போல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை, "ஏழாவது தொட்டி படிக்கிறேன்" என்றேன். அவன் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டான். கூட்டிக் கூட்டி வாசித்தேன். கடைசி அத்தியாயம் வந்தது. கறை படிந்த கை என்கிற வரியும் வந்தது. என் வாய் அதைச் சொல்லவில்லை. வேதகிரி கையைப் புரட்டிப் பார்த்தார், இது வேலை செஞ்ச கை என்றார், தம்பி மாட்டிக்கொண்டான், கூலிக்காரன் வீட்டுக்குப் போனான்.

மாணிக்கவேல் என் பக்கம் திரும்பினான்.

"இன்னாபா," என்றான், "இந்த எடம் மட்டும் எழுத்துக் கூட்டாம படிக்கிற?"

நான் புத்தகத்தை மூடினேன்.

"தெரிஞ்சிடுச்சா?"

"ம்."

"பதினோரு பேரும் உங்க கையயே பாத்துக்கினு இருந்தீங்கபா. நான் இன்னா பண்றது?"

அவன் கை கட்டிலில் துழாவியது. என் கையை வைத்தேன். விரல் விரலாகத் தடவிப் பார்த்தான். தடவிப் பார்த்தால் சாயம் தெரியாது. ஆனாலும் பார்த்தான்.

மறுநாள் பட்டியலை நூலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். சத்யப்ரியா எண்ணினாள்.

"புக்கு நாப்பத்திரண்டுன்னீங்க. இதுல நாப்பத்து மூணு இருக்குதே. 'ஏழாவது தொட்டி' மொதல்லயும் இருக்குது, கடைசிலயும் இருக்குது."

"ரெண்டும் வேறம்மா. கடைசில இருக்குறது இந்தப் புக்கு."

"அப்போ மொதல்ல இருக்குறது?"

"அது அச்சாகல. பத்து எடத்துல ஒண்ணு காலியா வெச்சிரும்மா. எழுதிக்கினு வரேன். எழுத்துக் கூட்டித்தான் எழுதணும், நாளாகும்."