ஈசாக்கு போன வழி

“சாராள் செத்தப்புறம் ஈசாக்கு எதுக்கு ஆகார் அழுத கிணத்துக்குப் போனான்?”

ஏழு வயதில் அவாத் இதைக் கேட்டது மலையூர் யூதர்களின் ஜெபக்கூடத்தின் நடுவில். பெரியவர் ஒருவர் வேத வசனத்தை வாசிக்க, அதன் அரமேய மொழிபெயர்ப்பை ஒரு பையன் உரக்கச் சொல்ல வேண்டும். அன்று அவன் முறை. சொல்லிக்கொண்டே வந்தவன் நடுவில் நிறுத்திக் கேட்டுவிட்டான்.

வேதம் கற்பிக்கும் மோரிக்குக் கோபம் வரவில்லை. “பெத்தவ சாராளோட பிடிவாதத்தால ரொட்டியும் தண்ணியும் குடுத்துத் துரத்தின இளையவ ஆகாரை, தகப்பன் ஆபிரகாமுக்காக மறுபடி கூட்டிட்டு வரத்தான் போனான்னு நம்ம பெரியவங்க சொல்றாங்கடா. அப்புறம் ஆபிரகாம் கட்டிக்கிட்ட கேத்தூராள் யாரு? அதே ஆகார்தான். துரத்திவிட்டும் இன்னொருத்தனைத் தேடாதவ. அவ செஞ்சதெல்லாம் தூபம் மாதிரி மணந்துச்சாம், அதான் அந்தப் பேரு.”

அவாத் அப்பாவைத் திரும்பிப் பார்த்தான். சாலேம் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். ஏன் என்று அந்த வயதில் விளங்கவில்லை.

பிறகு விளங்கியது. சாலேமின் முதல் மனைவி ஹமாமா. பத்து வருஷம் பிள்ளை இல்லை. இரண்டாவதாக நத்ராவைக் கட்டினார்; அவாத் பிறந்தான். பிள்ளை பெற்றவள், மூத்தவளை விலக்கச் சொல்லிப் பிடிவாதம் பிடித்தாள். ஹமாமாவின் கையில் விலக்குச் சீட்டையும், ஐந்து ரொட்டியையும், தண்ணீர் நிறைத்த தோல்பையையும் கொடுத்து அனுப்பிவிட்டார் சாலேம்.

இப்போது அவாதுக்கு நாற்பத்திரண்டு வயது. பஸ்கா பண்டிகைக்கு முன்னால் நத்ரா இறந்துபோனாள். கடைசி நாளில் மகனை மட்டும் பக்கத்தில் அழைத்து ஒன்று சொன்னாள். அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. மனைவியை இழந்தவர் மூன்று பண்டிகை கழியாமல் மறுமணம் செய்யக்கூடாது. அதுவரை வாயை மூடிக்கொண்டிருந்தான்.

மூன்றாவதான கூடாரப் பண்டிகையும் முடிந்தது. அதற்குப் பின் ஓர் ஓய்வுநாளில், ஈசாக்கு கிணற்றுக்குப் போன அதே வேதப் பகுதி வந்தது. வெளியே வந்ததும் மோரியைப் பிடித்தான்.

“விலக்கினவளை மறுபடி கட்டலாமா, மோரி?”

கண் மங்கிப்போன மோரி சிரித்தார். “இதைக் கேக்க உனக்கு முப்பத்தஞ்சு வருஷமாச்சு. நடுவுல அவ வேற ஒருத்தனைக் கட்டியிருந்தா முடியாது. கட்டலை. போ.”

வீட்டில் அப்பாவிடம், “பெரியம்மாவைக் கூட்டிட்டு வரப் போறேன்” என்றான். சாலேம் தன் கைகளைப் பார்த்தார்.

“வருவாளா?” என்றார்.

ஞாயிறு விடியலில் கிளம்பி, முற்பகலில் அவள் ஊரை அடைந்தான். ஹமாமா வாசலில் சோளம் புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து, அவன் கன்னத்து அம்மைத் தழும்புகளைப் பார்த்தாள். பேர் கேட்கத் தேவையிருக்கவில்லை.

“உக்காரு. என்ன, கிழவனுக்குக் கஞ்சி காய்ச்ச ஆள் இல்லையாக்கும்?”

“என் பெண்டாட்டி காய்ச்சுவா, பெரியம்மா.”

“அப்ப பாவம் தீக்கவா? அதுக்கு வருஷத்துக்கு ஒரு உபவாச நாள் இருக்கே. இங்க வரணுமா?” முறம் மறுபடி ஆடத் தொடங்கியது. “நான் வரலைடா. போன வழியில திரும்பி வர்றதுக்கு என் கால்ல தெம்பு இல்லை.”

சுவரில் ஒரு பழைய தோல்பை தொங்கியது. வெடித்து, காய்ந்து, தண்ணீர் தாங்காத பை.

“எனக்கு மூணு வயசுல அம்மை வந்துச்சு” என்றான் அவாத். “வயக்காட்டுக் காவல் குடிசையில போட்டாங்க. அம்மா பக்கத்துல இருந்து காப்பாத்தினதா ஊரே சொல்லும்.”

முறம் நின்றது.

“அம்மா அப்ப வயித்துல பிள்ளையோட இருந்தாங்களாம், பயந்துட்டாங்களாம், நீதான் வந்து நாப்பது நாள் என்னைத் தோள்ல போட்டுக்கிட்டு இருந்தியாம். குளிப்பாட்டிக் குடிசை வாசல்ல விட்டுட்டு, எங்க வீட்டு ரொட்டித் துண்டு ஒண்ணைக்கூடத் தொடாமப் போயிட்டியாம்.”

“யாருடா சொன்னது?”

“அம்மாதான். சாகிற அன்னைக்கு. ‘அந்தப் பேரு எனக்குச் சேராது, அவளுக்குத்தான் சேரணும்’னாங்க.”

“நத்ராவா? அவ வாயாலயா?”

“அவங்க வாயாலதான்.”

ஹமாமா முறத்தைக் கீழே வைத்தாள். முக்காட்டு நுனியால் முகத்தைத் துடைத்தாள். அழுதாளா, சோளத் தூசா என்று அவன் பார்க்கவில்லை. வேண்டுமென்றே தோல்பையின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“ஜெபக்கூடத்துல எல்லார் முன்னாலயும் சொல்லப்போறேன், பெரியம்மா.”

“சொல்லக்கூடாது.” குரல் உடனே கறாரானது. “செத்தவ எழுந்து வந்து பதில் சொல்ல முடியுமா? அவ பிள்ளையைக் காப்பாத்தினவளாவே இருக்கட்டும். இதுக்குச் சம்மதம்னா வர்றேன். இல்லைன்னா நடையைக் கட்டு.”

அவன் சம்மதித்தான். அவள் துணிமூட்டை ஒன்றைக் கட்டினாள். அண்டை வீட்டுக்காரியிடம் ஆட்டை ஒப்படைத்தாள். தோல்பையைச் சுவரிலேயே விட்டுவிட்டாள்.

வழியில் கேலி பேசிக்கொண்டே வந்தாள். “கேத்தூராளுக்கு ஆறு பிள்ளைங்களாமே. உங்கப்பன் என்னை நம்பி ஏமாறப்போறான்.”

“நான் ஒருத்தன் போதாதா?”

“நீ ஆறு பேருக்குச் சமமாத் தின்னியே, அந்தக் குடிசையில!”

வெயில் சாய்ந்தபோது ஊருக்கு ஏறும் கற்படிகள் வந்தன. முந்நூறு படி. இருபதாவது படியிலேயே அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவாத் மேலும் கீழும் பார்த்தான். வயல்களில் அறுவடை முடிந்திருந்தது; படிகளில் யாரும் இல்லை. அவள் முன்னால் குனிந்து முதுகைக் காட்டினான்.

“சீ, யாராவது பாத்தா?”

“யாருமில்லை, பெரியம்மா.”

அவள் கைகள் அவன் கழுத்தைச் சுற்றிக்கொண்டன. இவ்வளவு லேசான பெண் அந்த நாற்பது நாளும் தன்னை எப்படிச் சுமந்தாள் என்று அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது. ஊர் கண்ணில் படுவதற்கு முந்தைய திருப்பத்தில் அவளை மெல்ல இறக்கிவிட்டான்.

ஹமாமா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, சொந்தக் காலால் முன்னே நடந்தாள். மூட்டையைத் தூக்கிக்கொண்டு அவாத் பின்னால் போனான்.